பிரஷ்ஷ முழுங்கின அம்மா

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. காரைக்கால்லேருந்து திருவேட்டக்குடி போய்ச் சேரணும். மறுநாள் காலையில பத்து மணிக்கு அங்க பல் முகாம்.

பஸ் இருக்கு. ஏறி உக்காந்தா அரை மணி நேரத்துல இறங்கிடலாம்.

நான் நடந்து போனேன்.

ஏன்னு கேக்கறீங்களா? கேக்காட்டியும் சொல்லத்தான் போறேன்.

காரைக்கால்ல ஒரு பல் டாக்டரம்மாகிட்ட வேலை பாக்கறேன். டோக்கன் குடுக்கறது, போன் எடுக்கறது, "வலிக்காதுங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்"னு கூசாம பொய் சொல்றது, இதெல்லாம் என் பொறுப்பு. அதோட வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் பல்லு வெளக்கறது எப்படின்னு எட்டு வருஷமா பாடம் எடுக்கற ஆளும் நான்தான். இத மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

அடுத்த மாசம் நாலு நாள் மலையேற்றம் போக ஒரு குழுவுல பேர் குடுத்திருந்தேன். நாப்பத்திரண்டு வயசு. இதுவரைக்கும் நான் ஏறின பெரிய உயரம் எங்க வீட்டு மொட்டை மாடி. ஆனா ஆசை யாரை விட்டுச்சு?

குழுத் தலைவர் வாட்ஸ்அப்புல கண்டிப்பா சொல்லிட்டாரு: "முதுகுப் பை ஏழு கிலோவைத் தாண்டக் கூடாது."

நான் கட்டின பை பதினோரு கிலோ.

லீவு கேக்கப் போனா டாக்டரம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாப்புல பாத்தாங்க. "முதல்ல திருவேட்டக்குடி முகாமை நல்லபடியா முடிச்சுக் குடு பிலோமினா. போன தடவை மாதிரி பன்னெண்டு பேர் வந்து, அதுல நாலு பேர் நிழலுக்கு உக்காந்தவங்கன்னு ஆயிடக் கூடாது. கூட்டம் வரட்டும், லீவப் பத்திப் பேசலாம்."

சரி. முகாமும் நடக்கணும், மலைக்குப் பயிற்சியும் எடுக்கணும். ஒரே கல்யாணத்துல ரெண்டு பந்தி! பையை மாட்டிக்கிட்டு கடற்கரையோரமாவே நடந்து போய், திருவேட்டக்குடியில என் சிநேகிதி செல்வி வீட்டு மாடியில கூடாரம் போட்டுப் படுத்து, காலையில முகாமுக்குப் போயிடலாம்னு முடிவு பண்ணிட்டேன்.

முக்கியமான விதி: பையில இருக்கறத மட்டுந்தான் பயன்படுத்தணும். யார் வீட்டுலயும் எதுவும் வாங்கக் கூடாது. மலையில யாரு குடுப்பா?

அன்னையிலேருந்து எங்க வீட்டு மாவு அளக்கற தராசுக்கு ஓய்வே இல்ல. சோப்பு, சீப்பு, துண்டு, எல்லாத்தையும் நிறுத்தேன்.

"பதினெட்டு கிராம்!"னு ஒரு நாள் அலறினேன்.

"என்னது, தங்கமா?" வெளியிலேருந்து என் வீட்டுக்காரர் சவரி ஓடி வந்தாரு. எலக்ட்ரீஷியன். அலறல் கேட்டா அவருக்கு முதல்ல மெயின் சுவிட்சதான் பாக்கத் தோணும். அன்னைக்கு தங்கம்னு நினைச்சுட்டாரு.

"என் பல்லு பிரஷ்ஷுங்க. பதினெட்டு கிராம் இருக்கு."

"இருந்துட்டுப் போவுது."

"என்ன இப்படிச் சொல்றீங்க? மலையில ஒவ்வொரு கிராமும் ஒரு கிலோவாட்டம் கனக்குமாம். வீடியோவுல சொன்னாங்க. பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் பிரஷ்ஷ பாதியா வெட்டித்தான் எடுத்துட்டுப் போறாங்க."

அவரோட ரம்பத்தை எடுத்து பிரஷ்ஷ வெட்டினேன். பாதின்னா பாதியோட நின்னேனா? கொஞ்சம் வெட்டுவேன், நிறுப்பேன். இன்னும் கொஞ்சம் வெட்டுவேன், நிறுப்பேன். கடைசியில கைப்பிடின்னு கட்டை விரல் நகம் அளவுக்குத்தான் மிச்சம். அதுலயும் டிரில்லிங் மெஷினை வச்சு மூணு ஓட்டை போட்டேன். எட்டு கிராம்!

சவரி அதைக் கையில வாங்கி வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு.

"இத வச்சு பல்லு வெளக்கப் போறியா, இல்ல பல்லுக்குப் பொட்டு வைக்கப் போறியா?"

பொறாமைன்னு விட்டுட்டேன்.

அடுத்து பேஸ்ட். டியூபா எடுத்துட்டுப் போனா கனம். அதுக்கும் வீடியோவுல வழி சொல்லியிருந்தாங்க. பேஸ்ட்டை சின்னச் சின்னப் பொட்டா ஒரு தட்டுல பிதுக்கி மூணு நாள் வெயில்ல காய வச்சா கல்லு மாதிரி ஆயிடும். ஒரு வேளைக்கு ஒண்ணு. வாயில போட்டு மென்னுட்டு பிரஷ்ஷால தேய்க்க வேண்டியதுதான்.

மாடியில காயப்போட்டேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பாத்து, "என்ன வடகம் பிலோ இது, இவ்ளோ வெள்ளையா?"ன்னாங்க.

"பேஸ்ட் வடகங்க்கா."

அவங்க அதுக்கப்புறம் ரெண்டு நாள் எங்கிட்டப் பேசல.

காஞ்சதை எல்லாம் ஒரு காலி புதினா மிட்டாய் டப்பாவுல போட்டேன். இந்த இடத்துலயே யாராச்சும் என் மண்டையில ஒரு தட்டு தட்டியிருக்கலாம்.

இப்படி ஒவ்வொரு கிராமா செதுக்கி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையை ஏழு கிலோவுக்குக் கொண்டு வந்துட்டேன். பெருமையா இருந்துச்சு. அப்பத்தான் டாக்டரம்மா போன் பண்ணாங்க.

"பிலோமினா, முகாம்ல காட்டறதுக்கு அந்தப் பெரிய பல் செட்டை எடுத்துட்டுப் போயிடு. கூடவே அந்தப் பெரிய பிரஷ்ஷு."

பல் டாக்டர்கிட்ட போயிருந்தா பாத்திருப்பீங்க. பூசணிக்காய் சைசுல பிளாஸ்டிக் தாடை. ரோஸ் கலர் ஈறு, வெள்ளை வெளேர்னு பல்லு, தொறந்து மூடற மாதிரி கீல். அதுக்குத் தகுந்த மாதிரி முழங்கை நீளத்துல ஒரு பிரஷ்ஷு. ரெண்டும் சேந்து ஒன்றரை கிலோ.

பத்து கிராம் குறைக்க பிரஷ்ஷுக்கு ஓட்டை போட்டவ, ஒன்றரை கிலோ பல்லை முதுகுல கட்டிக்கிட்டுக் கிளம்பினேன்.

சவரி வாசல்ல நின்னு சிரிக்காம இருக்கப் பெரும்பாடு பட்டாரு. "அந்தப் பல்லுக்கும் நாலு ஓட்டை போட்டுத் தரவா?"

"போதும் போங்க."

சனிக்கிழமை மதியம் வெயில் தாழ்ந்ததும் காரைக்கால் கடற்கரையிலேருந்து வடக்க நடக்க ஆரம்பிச்சேன். காத்து நல்லா இருந்துச்சு. மணல்தான் நல்லா இல்ல. ரெண்டு அடி வச்சா ஒரு அடி பின்னால இழுக்குது.

கொஞ்ச தூரம் போனதும் பின்னாடி "டொக்... டொக்..."னு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தேன். யாரும் இல்ல. நடந்தேன். மறுபடி "டொக்... டொக்..." நின்னா சத்தமும் நிக்குது. ஓடினா சத்தமும் ஓடி வருது.

மாதாவேன்னு நெஞ்சில சிலுவை போட்டுக்கிட்டு கால் மணி நேரம் வேகமா நடந்தப்புறம்தான் உறைச்சுது. பையில இருக்கற தாடை! நான் அடி வைக்க வைக்க அது தொறந்து தொறந்து மூடுது.

எனக்குப் புரிஞ்சுது. நாய்க்குப் புரியல. ஒரு செவலை நாய் என் முதுகையே பாத்துக் குலைச்சுக்கிட்டு ரொம்ப தூரம் வந்துச்சு. துப்பட்டாவை எடுத்துத் தாடையை இறுக்கிக் கட்டினதுக்கப்புறம்தான் அது திரும்பிப் போச்சு.

பெரிய பிரஷ்ஷு பைக்குள்ள அடங்காம மேல நீட்டிக்கிட்டு இருந்துச்சா, எதிர்ல வந்த ஒரு அம்மா நிறுத்தி, "இது கக்கூஸ் கழுவுறதா, பாட்டில் கழுவுறதா?"ன்னாங்க.

"பல்லு வெளக்கறதும்மா."

அந்தம்மா என் வாயை ஒரு தடவை நல்லா பாத்துட்டுப் போனாங்க.

கிளிஞ்சல்மேடு வந்து சேந்தப்போ நாக்கு வறண்டு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. தண்ணி கனம்னு அரை லிட்டர்தான் எடுத்துட்டு வந்திருந்தேன். அது எப்பவோ காலி. வலைக் கொட்டகையில நாலஞ்சு பேர் உக்காந்து வலை பொத்தலைச் சரிபண்ணிக்கிட்டிருந்தாங்க. யாருகிட்டயும் எதுவும் வாங்கக் கூடாதுங்கற விதியை அங்கயே மணல்ல புதைச்சுட்டு, தண்ணி கேட்டேன்.

மீசை வச்ச ஒரு அண்ணன் சொம்புல தண்ணி குடுத்தாரு. அவரு கையில ஒரு பன்னீர் சோடா இருந்துச்சு.

"எங்கேருந்தும்மா வர்ற? மூட்டையும் முடிச்சுமா?"

வாய் நிறையத் தண்ணி. பதில் சொல்ல முடியல. அந்த நேரம் பாத்து, பேஸ்ட் வடகம் ஈரம் ஆயிருக்குமோன்னு சந்தேகம் வந்து, டப்பாவைத் தொறந்து பாத்தேன்.

"மிட்டாயா?"ன்னாரு அண்ணன்.

இல்லன்னு தலையை ஆட்டினேன். நான் ஆட்டினது எந்தப் பக்கமோ, அவருக்கு அது ஆமான்னு தெரிஞ்சிருக்கு. அஞ்சாறை அள்ளி வாயில போட்டு நறநறன்னு மென்னுட்டாரு.

"ம்ம்ம்ம்!"னு நான் கத்தறேன். தண்ணி மூக்கு வழியா வருது.

"என்னம்மா இது, இப்படி எரியுது?"ன்னாரு. எரிச்சல் அடங்கறதுக்குக் கையில இருந்த சோடாவை ஒரே மூச்சுல ஊத்திக்கிட்டாரு.

பேஸ்ட்டும் சோடாவும் சேந்தா என்ன ஆகும்னு எந்த வீடியோவுலயும் சொல்லல. நான் சொல்றேன். பொங்கும்!

வாயிலேருந்து நுரை. மீசையில நுரை. மூக்கு வழியா நுரை. சட்டை பட்டன் வரைக்கும் நுரை. அண்ணன் பேச வாயத் தொறக்கறாரு, வார்த்தைக்குப் பதிலா நுரைதான் வருது.

"ஐயய்யோ, வலிப்புடா! இரும்பக் குடுங்கடா கையில!"

பக்கத்துல இருந்த இரும்பு நங்கூரம் ஒண்ணுதான். மூணு பேரா சேந்து தூக்கிட்டு வந்து அவரு மடியில வச்சுட்டாங்க! நுரையோட சேந்து இப்ப அவருக்கு முழியும் வெளிய வந்துருச்சு.

"இந்தம்மாதான் என்னமோ குடுத்துச்சு! பிடிங்க அத!"

அப்பத்தான் எனக்குத் தண்ணி உள்ள போயி குரல் வந்துச்சு. "பேஸ்ட்டுங்க! பல்லு வெளக்கற பேஸ்ட்டு! விஷம் இல்லீங்க!"

எல்லாரும் அப்படியே நின்னுட்டாங்க.

"பேஸ்ட்டா?"

"பேஸ்ட்டுதாங்க."

"பேஸ்ட்ட எதுக்கும்மா மிட்டாய் பண்ணி, மிட்டாய் டப்பாவுல போட்டு வச்சிருக்க?"

"அந்த டப்பாதான் காலியா இருந்துச்சுங்க."

நங்கூரத்தை எடுத்துட்டு அண்ணனைக் கடல் தண்ணியில வாய் கொப்புளிக்க வச்சாங்க. அடி விழப்போவுதுன்னு கண்ணை மூடிக்கிட்டு நின்னேன். அவரு நாக்கால பல்லை ஒரு சுத்து தடவிப் பாத்தாரு. அப்புறம் கையை நீட்டினாரு.

"அந்த டப்பாவை வச்சுட்டுப் போ."

"எதுக்குண்ணே?"

"வாய் நல்லா ஜில்லுன்னு இருக்கு. போட்ல போறப்ப வசதி."

குடுத்துட்டேன். நம்மளால நுரை கக்கின மனுஷன் கேக்கறப்ப வேற என்ன பண்றது? ஆக, பேஸ்ட் போச்சு.

திருவேட்டக்குடி போய்ச் சேர பொழுது சாய்ஞ்சுருச்சு. செல்வி வாசல்லயே நின்னா. அவ வீட்டுக்காரர் முருகையன் பைபர் போட்ல மீன் பிடிக்கப் போறவரு. நல்ல மனுஷன். ஒரே ஒரு குறை, அவருகிட்ட ஒரு விஷயத்தைச் சொல்றதும் ஒலிபெருக்கியில சொல்றதும் ஒண்ணு.

"உள்ள கட்டில் இருக்கு, பேன் இருக்கு. நீ ஏண்டி மாடியில கூடாரம் போடற?"ன்னா செல்வி.

"பயிற்சிடி."

"எதுக்கு? வீடு இல்லாம இருக்கறதுக்கா?"

காலையில எந்திரிச்சதும் செல்வி பேஸ்ட் டியூபோட மாடிக்கு வந்தா. "இந்தா, வெளக்கு."

வாங்கியிருக்கலாம். வாங்கிட்டு ஒழுங்கா குழாயடியில நின்னு வெளக்கியிருந்தா இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது. ஆனா முந்தின நாள் தண்ணியில ஒரு தடவை விதியை மீறிட்டேனே, மறுபடியும் மீறலாமா?

"வேணாம்டி. மலையில யாரு பேஸ்ட் குடுப்பா? கடல் தண்ணியே உப்புதானே. அதுல வெளக்கிக்கறேன்."

"ஒனக்கு என்னமோ ஆயிருச்சு"ன்னு சொல்லிட்டு அவ இறங்கிப் போயிட்டா.

எட்டு கிராம் பிரஷ்ஷோட கடற்கரைக்குப் போனேன். முழங்கால் அளவு தண்ணியில நின்னேன். எனக்குச் சுருட்டை முடி. அவுத்து விட்டிருந்தேன், காத்து அதை எட்டுத் திசைக்கும் பறக்க விடுது. பிரஷ்ஷ கடல்ல முக்கி வெளக்க ஆரம்பிச்சேன்.

முன்பல்லு வரைக்கும் பிரச்சினை இல்ல. கடைவாய்ப் பல்லுக்குப் போறப்பதான் கைப்பிடி பத்தல. ரெண்டு விரலும் வாய்க்குள்ள போனாத்தான் பிரஷ்ஷு பல்லைத் தொடுது. விரலை உள்ள விட்டா குமட்டுது. குமட்டுனா பிரஷ்ஷு நழுவுது. நல்லா அழுத்திப் பிடிச்சு ஒரு இழு இழுத்தேன் பாருங்க...

படக்!

அதே நேரம் ஒரு அலை வந்து மூஞ்சியில அடிச்சுது. ஒரு வாய் உப்புத் தண்ணியை மடக்குனு முழுங்கிட்டேன்.

கண்ணைத் தொடைச்சுக்கிட்டுக் கையைப் பாத்தேன். மூணு ஓட்டை போட்ட கைப்பிடி மட்டும் இருக்கு. தலையைக் காணோம்.

வாய்க்குள்ள விரலை விட்டுத் தேடினேன். இல்ல. தண்ணியில தேடினேன். இல்ல. கரையில குனிஞ்சு தேடினேன். கிளிஞ்சல் கிடக்கு, நண்டு ஓடுது, பிரஷ்ஷு இல்ல.

அப்படின்னா?

அப்படின்னா அது உள்ள போயிருச்சு!

பறக்கற முடியை அள்ளி இறுக்கிக் கொண்டையாப் போட்டுக்கிட்டு ஓடினேன்.

"செல்வீ! பிரஷ்ஷ முழுங்கிட்டேண்டி!"

செல்வி கையில இருந்த கரண்டி கீழ விழுந்துச்சு. "முழுசாவா?"

"தலையை மட்டும்."

"தொண்டையில குத்துதா?"

"குத்துற மாதிரியும் இருக்கு, குத்தாத மாதிரியும் இருக்கு."

முருகையன் யோசிச்சாரு. "மீன் முள்ளுன்னா சோத்தை உருட்டி முழுங்குவோம். பிரஷ்ஷுக்கு என்னங்க பண்றது?"

"அதுலயும் முள்ளு மாதிரிதானே இருக்கு? வாழைப்பழத்தை எடுத்துட்டு வாங்க!"ன்னா செல்வி.

ஒரு சீப்பு வந்துச்சு. முதல் பழத்தை மெல்லாம முழுங்கினேன்.

"இறங்கிச்சா?"

"தெரியலடி."

"இன்னொண்ணு முழுங்கு."

எட்டாவது பழத்துல டாக்டரம்மாவுக்குப் போன் கிடைச்சுது. அழுதுகிட்டே எல்லாத்தையும் சொன்னேன்.

"மூச்சு விட முடியுதா?"

"முடியுதுங்க டாக்டர்."

"எச்சில் முழுங்க முடியுதா?"

"எட்டு வாழைப்பழமே முழுங்கிட்டேங்க."

"முதல்ல பழத்தை நிறுத்து! வாயில இனிமே எதையும் போடாத. நான் கிளம்பி வந்துக்கிட்டே இருக்கேன். பாத்துட்டு எக்ஸ்ரே எடுத்துடலாம்." அப்புறம் குரலைத் தாழ்த்தினாங்க. "பிலோமினா, பல் டாக்டர்கிட்ட வேலை பாக்கற பொம்பள பிரஷ்ஷ முழுங்கிட்டான்னு வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்? ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாத."

"விட மாட்டேங்க டாக்டர்."

போனை வச்சுட்டுத் திரும்பினேன். முருகையனைக் காணோம்.

"எங்கடி அவரு?"

"எதுத்த வீட்டுல சொல்லிட்டு வரேன்னு போயிருக்காரு"ன்னா செல்வி.

போச்சு. லீவு போச்சு, மலை போச்சு, அனேகமா வேலையும் போச்சு.

பத்து மணிக்கு சமுதாயக் கூடத்துக்குப் போனேன். வழக்கமா இருவது நாற்காலி போட்டா எட்டு காலியா இருக்கும். அன்னைக்கு உக்கார இடம் இல்ல! ஜன்னல்ல ஆளு, வாசப்படியில ஆளு. மீன் கூடையோட வியாபாரத்துக்குக் கிளம்பினவங்ககூட கூடையை இறக்கி வச்சுட்டு நிக்கறாங்க.

"எது அந்த பிரஷ்ஷ முழுங்கின அம்மா?"

"அந்தா, பை மாட்டியிருக்கு பாரு."

"பாவம், வயித்துக்குள்ள போயி பல்லு வெளக்குமோ என்னமோ."

டாக்டரம்மா அப்பத்தான் கார்லேருந்து இறங்கினாங்க. கூட்டத்தைப் பாத்தாங்க. என்னைப் பாத்தாங்க. ஒரு ஓரமா கூட்டிட்டுப் போயி, டார்ச் அடிச்சுத் தொண்டையைப் பாத்தாங்க. "கண்ணுக்குத் தெரியற வரைக்கும் ஒண்ணும் இல்ல. அரை மணி நேரத்துல முடிச்சுட்டு எக்ஸ்ரேக்குப் போறோம். இவ்ளோ பேர் வந்துட்டாங்க, நீ போய்ப் பேச ஆரம்பி."

தாடையை மேசை மேல வச்சேன். பெரிய பிரஷ்ஷ கையில எடுத்தேன். எட்டு வருஷமா சொல்றதுதான், ஆனா நாக்கு குழறுது.

"எல்லாருக்கும் வணக்கம். பல்லை எப்படிச் சரியா வெளக்கணும்னு இப்ப..."

முன் வரிசையிலேருந்து ஒரு பொம்பள எந்திரிச்சாங்க. "அத முழுங்காம வெளக்கறது எப்படின்னு முதல்ல சொல்லுங்க!"

கூடமே அதிர்ந்துச்சு. டாக்டரம்மா தரையைப் பாத்தாங்க. நானும் பாத்தேன். தரை பொளந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு. பொளக்கல.

சரி, ஆனது ஆச்சுன்னு தாடை பக்கம் திரும்பி, குனிஞ்சு, கடைவாய்ப் பல்லை எப்படித் தேய்க்கணும்னு காட்ட ஆரம்பிச்சேன். பின்னாடியிலேருந்து ஒரு குரல்.

"தாயி, அப்படியே இரு. நிமிராத."

மீன் கூடை வச்சிருந்த ஒரு அக்கா. கூட்டத்தை விலக்கிக்கிட்டு எம் பின்னாடி வந்து நின்னாங்க. கொண்டைக்குள்ள விரலை விட்டாங்க. வலையில சிக்கின நண்டோட காலை விடுவிக்கற மாதிரி, பதமா, நிதானமா, எதையோ இழுத்தாங்க.

"இதுவா நீ முழுங்கினது?"

கையைத் தூக்கிக் காட்டினாங்க. என் பிரஷ்ஷோட தலை!

படக்குனு ஒடிஞ்சு தெறிச்சது என் சுருட்டை முடியில போயி சிக்கியிருக்கு. நான் பதட்டத்துல அதையும் சேத்துச் சுருட்டிக் கொண்டை போட்டுட்டேன். தொண்டையில குத்துன மாதிரி இருந்ததெல்லாம் வெறும் பயம்.

அந்த அக்கா அதை எல்லாருக்கும் தெரியற மாதிரி ஒரு சுத்து சுத்திக் காட்டினாங்க.

அப்புறம் சிரிச்சாங்க பாருங்க! வாயைப் பொத்தாம, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர சிரிச்சாங்க. ஜன்னல்ல நின்னவரு பிடி நழுவி அந்தப் பக்கம் விழுந்தாரு. எந்திரிச்சும் சிரிச்சாரு. செல்வி, எட்டு வாழைப்பழத்தை எண்ணி எண்ணி ஊட்டின என் உயிர்த் தோழி, எல்லாரையும் விட அதிகமா சிரிச்சா.

எனக்கு அழுகை வந்துருச்சு. அழலாம்னு டாக்டரம்மா பக்கம் திரும்பினா, அவங்க அங்க இல்ல. டார்ச்சை எடுத்துக்கிட்டு வரிசைக்குள்ள புகுந்துட்டாங்க!

"சிரிங்க, சிரிங்க, நிறுத்தாதீங்க! ஏம்மா பச்சைச் சேலை, அந்தக் கடைவாய்ப் பல்லு சொத்தை எத்தனை நாளா இருக்கு? நீங்க அந்தப் பக்கம் வந்து உக்காருங்க. ஐயா, நீங்க இன்னும் கொஞ்சம் நல்லா சிரிங்க... ம்ம், ஈறு வீங்கியிருக்கு. பிலோமினா! நின்னு என்ன பாக்கற? டோக்கன் குடு!"

கண்ணைத் தொடைச்சுக்கிட்டு டோக்கன் குடுத்தேன். கொண்டு போன டோக்கன் தீந்து போயி, காகிதத்தைக் கிழிச்சு நம்பர் எழுதிக் குடுத்தேன்.

எல்லாம் முடிய மதியம் ரெண்டு மணி ஆச்சு. டாக்டரம்மா கையைக் கழுவிக்கிட்டே சொன்னாங்க: "இத்தனை வருஷத்துல வாயைத் தொறங்க, வாயைத் தொறங்கன்னு கெஞ்சாம நடந்த முகாம் இது ஒண்ணுதான். நாலு நாளும் லீவு எடுத்துக்க."

"நிசமாவா டாக்டர்?"

"நிசமாதான். அடுத்தது மண்டபத்தூர்ல. அங்க எதை முழுங்கலாம்னு யோசிச்சு வை."

திரும்பி அவங்க கார்லயே வந்துட்டேன். பயிற்சி போதும். வீட்டு வாசல்ல சவரி கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு. நான் வாயே தொறக்கல. அதுக்குள்ள அவரே, "எட்டு பழமா, ஒம்பதா? முருகையன் எட்டுங்கறாரு, நம்ம தெரு முனையில ஒம்பதுங்கறாங்க"ன்னாரு.

நிறைய பேர் போன் பண்ணி, இதுலேருந்து நீ என்ன கத்துக்கிட்டன்னு கேக்கறாங்க.

கத்துக்கிட்டேங்க: முதல்ல கொண்டையப் போடணும், அப்புறந்தான் பல்லு வெளக்கணும்.